முப்பது நிமிடங்களை நிரப்புவதும் சமன்செய்வதும்: நுவரெலியாவில் ஒரு பியானோ டிப்ளோமா மாணவியின் உருப்படித் தெரிவு

பின்னணி

நான் நுவரெலியாவில் வீட்டிலேயே பியானோ கற்பிக்கிறேன். இந்த மாணவி என்னிடம் வந்தபோது அவருக்கு 13 வயது. அப்பா தோட்டப் பாடசாலை ஆசிரியர். ஆலயத்தில் பாட்டுகளுக்கு ஓர்கன் வாசித்துப் பழகியிருந்ததால் காதும் தாளமும் முன்பே தயாராக இருந்தன, விரல்களைத்தான் பழக்க வேண்டியிருந்தது. 20 வயதில் பியானோப் பரீட்சைகளில் உச்சப் படியான கிரேட் எட்டு முடித்தார். அடுத்த ஆண்டு, லண்டனின் ஏ.பி.ஆர்.எஸ்.எம். பரீட்சைச் சபை நடத்தும் ஏ.ஆர்.எஸ்.எம். டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்க விரும்பினார். இந்தப் பதிவை எழுத அவரும் அவருடைய வீட்டாரும் சம்மதித்தார்கள். பெயர்களைத் தரவில்லை.

இந்த டிப்ளோமாவில் ஸ்கேல், பார்வை வாசிப்பு, செவிப் பரீட்சை எதுவும் கிடையாது. முப்பது நிமிட ரெசிட்டல், அதாவது தனி வாசிப்பு நிகழ்ச்சி, ஒன்றுதான். அதில் குறைந்தது 20 நிமிடம் சபையின் பட்டியலில் உள்ள உருப்படிகளாக இருக்க வேண்டும். மிச்சத்தைக் கிரேட் எட்டுக்குக் குறையாத தரத்தில் நாமே தெரியலாம். பியானோவுக்கு மனப்பாடம் கட்டாயமில்லை. வாசிக்கும் வரிசையும் நம்முடைய முடிவு. உருப்படிகளுக்கு இடையே விடும் இடைவெளியும் அந்த முப்பது நிமிடத்துக்குள்தான் வரும்.

மாணவியின் வீட்டில் இருப்பது ஒரு துரை பங்களாவிலிருந்து ஏலத்தில் வந்த பழைய அப்ரைட், அதாவது நிமிர்ந்து நிற்கும் வகைப் பியானோ. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். ஈரம் ஏறினால் பியானோவின் ஒலிப்பலகை உப்பி சுருதி கூடும், ஃபெல்ட் துணி ஊறி, விரலால் அமுக்கும் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அதற்காக அவர்கள் பியானோவின் வயிற்றுக்குள் ஒரு சிறு பல்ப் எரிய விட்டிருந்தார்கள். இடையில் யாரோ அதை எல்.ஈ.டி. பல்பாக மாற்றிவிட்டார்கள். வெளிச்சம் வந்தது, சூடு வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது மேல் ஒக்டேவில் நான்கு கட்டைகள் அமுக்கினால் எழும்பாமல் கிடந்தன. பழைய இழை பல்பைத் தேடிப் போட்டு இரண்டு வாரம் காத்திருந்த பிறகே எழும்பின.

முதல் பட்டியல்

பரீட்சைக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது மாணவி ஒரு தாளில் மூன்று உருப்படிகளை எழுதிக்கொண்டு வந்தார். பீத்தோவனின் ஓபஸ் (படைப்பு எண்) 13 சொனாட்டா, அதாவது பதெதிக் என்ற பெயருள்ள பல பாகப் படைப்பு, மூன்று பாகமும் முழுதாக. ஷோப்பினின் சி மைனர் நொக்டர்ன் (இரவிசை), ஓபஸ் 48 இலக்கம் 1. ரக்மானினொவின் சி ஷார்ப் மைனர் பிரெலூட் (முன்னிசை), ஓபஸ் 3 இலக்கம் 2. பக்கத்திலேயே நேரமும் குறித்திருந்தார்: 18 நிமிடம் 30 விநாடி, 6 நிமிடம், 4 நிமிடம் 20 விநாடி. கூட்டினால் 28 நிமிடம் 50 விநாடி. இடைவெளிகளுக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சம் இருந்தது.

கணக்கில் பிழையில்லை. 1799 இல் வெளிவந்த சொனாட்டா ஒன்று, 1841 ஆம் ஆண்டின் நொக்டர்ன் ஒன்று, 1892 இல் எழுதிய பிரெலூட் ஒன்று. மூன்று இசையமைப்பாளர்கள், நூறு ஆண்டுப் பரப்பு. தாளைப் பார்த்த எனக்கும் முதலில் திருப்தியாகத்தான் இருந்தது. அந்தத் திருப்தியில் ஒரு மாதம் போனது. அதற்குப் பொறுப்பு நான்தான்.

ஒத்திகையில் கண்டவை

ஒரு மாதம் கழித்து, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை என்று, மூன்றையும் நிறுத்தாமல் ஒரே தடவையில் வாசிக்கச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்தேன். கற்றுக்கொண்டிருக்கும் பகுதிகளை மெதுவாக வாசிக்கலாம், ஆனால் எழும்பக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

பதெதிக்கின் முதல் பாகத்தில் இடது கை ஒக்டேவ் ட்ரெமலோ நெடுநேரம் ஓடும். சுண்டுவிரலும் கட்டைவிரலும் மாறி மாறி ஆட, மேலே வலது கை ஏறிக்கொண்டே போகும். மாணவியின் கை சிறியது. ஒக்டேவ் எட்டும், ஒன்பதாவது கட்டையை எட்ட மணிக்கட்டை வளைக்க வேண்டும். முதல் பாகம் முடிந்து அவர் கையை மடியில் வைத்தபோது இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கியபடியே கிடந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. மற்றக் கையால் அதை விரித்துவிட்டு அடுத்த பாகத்தைத் தொடங்கினார். அந்த ஒரு அசைவைப் பார்த்த பிறகு, இந்தப் பட்டியல் இந்தக் கைக்கு ஆகாது என்று எனக்குப் பட்டது.

பதிவைத் திரும்பக் கேட்டபோது இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. நொக்டர்னின் கடைசிப் பகுதி இரட்டை வேகத்தில் வரும், சுருதிக் கொத்துகள், அதாவது ஒரே நேரத்தில் அமுக்கும் பல சுரங்கள், மூன்று மூன்றாக அடுக்கி ஓடும். தனியாக வாசிக்கும்போது அவர் அதை நன்றாகவே வாசிப்பார். பதெதிக்குக்குப் பின் வாசித்தபோது அது மற்றப் பகுதியின் வேகத்துக்கே இறங்கிவிட்டது. ரக்மானினொவ் தன் பிரெலூட்டின் கடைசிப் பகுதியை நான்கு வரிச்சட்டங்களில் எழுதியிருக்கிறார், அத்தனை கனம். அங்கே மாணவி சத்தத்தைத் தோளிலிருந்து தள்ளினார். இருந்தது சத்தம் மட்டும்தான், நாதம் இல்லை.

மற்றது, கேட்பவரின் பக்கம். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாணவியின் தம்பி அறைக்குள் வந்து, "அக்கா, இன்னும் அதே பாட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனான். ஓடிக்கொண்டிருந்தது நொக்டர்ன். சிறுவன் பிழையாகக் கேட்கவில்லை. சி மைனர், மறுபடி சி மைனர், பிறகு சி ஷார்ப் மைனர். மூன்றுமே சோகச் சாயல் கொண்ட மைனர் சுருதியில், கனத்த கொத்துகளோடு இருண்டு போகிறவை. பீத்தோவனின் நடுப் பாகம் மட்டும் சற்று வெளிச்சம். காலத்தால் வேறுபட்ட மூன்று உருப்படிகள் உடலாலும் நிறத்தாலும் ஒன்றாக இருந்தன. மென்மையாக ஓடும் விரல், தெளிவாகப் பிரியும் குரல்கள், பெடலின் நுட்பம், சிரிப்பு ஆகிய எதையும் பரீட்சகர் முப்பது நிமிடத்தில் ஒரு தடவைகூடக் கேட்டிருக்க மாட்டார்.

எதை விடுவது

இந்தப் பேச்சு சுலபமாக முடியவில்லை. பதெதிக்கை விடலாம் என்றதும் மாணவியின் முகம் மாறியது.

"மிஸ், அத வாசிக்கத்தானே நான் டிப்ளோமாவே செய்ய நெனச்சேன்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு உருப்படியின் மீதுள்ள ஆசைதான் ஒன்பது மாத உழைப்பை இழுத்துச் செல்லும். அதைக் கணக்குக் காட்டிப் பிடுங்கினால் மிச்சம் எதுவும் நகராது. ஆகவே மூன்றில் எதை விட்டால் மிகவும் வலிக்கும் என்று கேட்டேன். பதெதிக் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு நொக்டர்ன் என்றார். பாட்டி இறந்த வாரத்தில் அதன் நடுப் பகுதியைத்தான் வீட்டில் திரும்பத் திரும்ப வாசித்தாராம்.

அந்தப் பதில் வேலையை இலகுவாக்கியது. நொக்டர்ன் அவருடைய கைக்கும் பொருந்தும். அதன் நடுப் பகுதியில், சி மேஜரில் வரும் பெரிய கொத்துகளை ஷோப்பின் உருட்டி வாசிக்கும்படியே எழுதியிருக்கிறார், அகன்ற கை தேவையில்லை. ரக்மானினொவில் அந்தச் சலுகை இல்லை. ரக்மானினொவை விட்டோம், நொக்டர்னை வைத்தோம். பதெதிக்கைப் பற்றி ஒரு வாரம் கழித்து முடிவெடுக்கலாம் என்றேன். அந்த வாரம் ட்ரெமலோவைத் தொடக் கூடாது. ஓய்வில் கை இறுக்கம் விட்டது. விடாமல் இருந்திருந்தால் வைத்தியரிடம் அனுப்பியிருப்பேன், நானே மருந்து சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம் மாணவியே வந்து, "சரிங்க மிஸ், பதெதிக் இப்ப வேணாம்" என்றார். அப்பாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "டீச்சர், கஷ்டமானத எடுத்துட்டு லேசானத வச்சா மார்க் கொறையாதா?" நியாயமான கேள்விதான். டிப்ளோமாவுக்கு என்று ஒரு தரம் உண்டு. அதற்குள் வரும் எந்த உருப்படியும் லேசானதல்ல. கனமானதைத் திணறி வாசித்தால் கனத்துக்காக யாரும் புள்ளி போட மாட்டார்கள் என்று விளக்கினேன். அவர் முழுதாக நம்பினார் என்று சொல்ல முடியாது.

புதிய பட்டியல்

எந்த உருப்படியையும் அந்த ஆண்டின் பட்டியலோடு ஒத்துப்பார்த்த பிறகே பேச்சுக்கு எடுத்தோம். பதெதிக்கின் இடத்துக்கு அதே ஆண்டு, 1799 இல், வெளிவந்த பீத்தோவனின் ஓபஸ் 14 இலக்கம் 1, ஈ மேஜர் சொனாட்டா வந்தது. பீத்தோவன் இதைப் பின்னர் தந்தி வாத்திய நால்வர் குழுவுக்கும் மாற்றி எழுதினார். அந்தச் செய்தி மாணவிக்குப் பெரிய திறவுகோலாக இருந்தது. முதல் பாகத்தில் எந்தக் குரல் வயலின், எது செலோ என்று பென்சிலால் குறித்துக்கொண்டு வந்தார், அதன் பிறகு விரல்கள் தாமாகவே பிரிந்து ஒலிக்கத் தொடங்கின.

தொடக்கத்துக்கு பாக்கின் பிரெலூடும், குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் ஃபியூக்கும் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. நான் முதலில் கொடுத்தது டி மேஜர், பி.டபிள்யூ.வி. (பாக்கின் படைப்புப் பட்டியல் எண்) 850. அது பிழை. அந்தப் பிரெலூடில் வலது கை முதல் விநாடியிலிருந்தே நில்லாமல் ஓட வேண்டும். நுவரெலியாக் காலையில் சூடேறாத விரலோடு அதைத் தொடங்கச் சொல்வது, குளிர்ந்த இயந்திரத்தை மேட்டில் ஏற்றுவது போல. மூன்று வாரம் ஒவ்வொரு நாள் காலையும் நான்காவது பாரிலேயே (தாளக் கட்டத்திலேயே) தடுக்கியது. பாக்கின் பிரெலூட்-ஃபியூக் தொகுதியில் இரண்டாம் புத்தகத்தின் எஃப் மைனர், பி.டபிள்யூ.வி. 881 க்கு மாறினோம். அது இரண்டிரண்டு சுரமாகப் பெருமூச்சு விடுவதுபோலத் தொடங்கும். கை சூடேற நேரம் கிடைக்கும், காதும் அறைக்குப் பழகும். ஃபியூக் வரும்போது விரல் தயாராகிவிடும்.

கடைசி உருப்படி டெபுஸியின் எஸ்தாம்ப் தொகுதியில் மூன்றாவது, 1903 இல் எழுதிய மழைத் தோட்டம். பிரெஞ்சுக் குழந்தைப் பாட்டு, தாலாட்டு என இரண்டு பழைய மெட்டுகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. பெரும்பாலும் விரல் வேலை, அகலம் குறைவு. தகரக் கூரையில் மழை கொட்டும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த உருப்படியை விளக்கவே தேவைப்படவில்லை. தூறல் எப்போது அடைமழையாகிறது, எந்த இடத்தில் வெயில் எட்டிப் பார்க்கிறது என்று அவரே சொன்னார்.

வரிசை

நான் பழக்கத்தில் காலவரிசைப்படி போட்டேன்: பாக், பீத்தோவன், ஷோப்பின், டெபுஸி. பரீட்சைக்கு நான்கு மாதம் இருக்கையில் ஆலய மண்டபத்தில் பதினைந்து பேருக்கு முன்னால் அப்படியே வாசித்தார். பீத்தோவன் அழகாக வந்தது. அதன் பின் நொக்டர்ன் கடைசிப் பகுதியில் கை முழுக்க உழைத்தது. அடுத்த நிமிடமே டெபுஸியின் வேகம். இரண்டாம் பக்கத்திலேயே மழை நின்றுவிட்டது.

அன்று கேட்க வந்தவர்களில் மாணவியின் அத்தையும் ஒருவர். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் எழுதி, பாடசாலையில் கர்நாடக சங்கீதம் கற்பிப்பவர். மேற்கத்திய இசை தனக்குத் தெரியாது என்று தயங்கியபடியே கேட்டார்: "டீச்சர், பாரமான அந்த மூணாவது உருப்படிய ஏன் அவ்வளவு பின்னுக்குத் தள்ளினீங்க? நாங்க கச்சேரியில பிரதான உருப்படிய குரல் நல்லா இருக்கிறப்பவே பாடிருவோம். துக்கடா கடைசியிலதானே?"

கர்நாடகக் கச்சேரிக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். வர்ணத்தில் குரலைத் திறந்து, கனமானதை நடுவில் வைத்து, சிறு உருப்படிகளால் இறக்கி, மங்களம். நம் காதுக்கு அது ஊறிப்போன ஒழுங்கு. நான் அதைக் கேட்டே வளர்ந்தவள், ஆனால் பியானோ முன் உட்கார்ந்ததும் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அத்தை சொன்ன பிறகு அன்று இரவே வரிசையை மாற்றி எழுதினேன்: பாக், ஷோப்பின், பீத்தோவன், டெபுஸி.

மாணவி திகைத்தார். "பீத்தோவனுக்கு முன்னால ஷோப்பினா? பரீட்சகர் பிழைன்னு நெனைக்க மாட்டாரா?" விதியில் தடை இல்லை என்று காட்டினேன். வாசித்துப் பார்த்தபோது வரிசையின் நியாயம் தானாகவே வெளிவந்தது. எஃப் மைனரும் சி மைனரும் பக்கத்து வீட்டுச் சுருதிகள், இருள் ஒரே மூச்சில் தொடர்ந்தது. கை புதிதாக இருக்கும் ஐந்தாவது நிமிடத்தில் நொக்டர்ன் தொடங்கிப் பதினொராவது நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு சற்று நீண்ட மௌனம். அதற்கடுத்து பீத்தோவனின் ஈ மேஜர், மூடிய அறையில் யன்னலைத் திறந்ததுபோல. அந்தப் பதின்மூன்று நிமிடமும் முன்னங்கைக்கு ஓய்வு. டெபுஸி ஈ மைனரில் தொடங்கி ஈ மேஜரில் முடிவதால் கடைசி இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன.

நேரம்: 4 நிமிடம் 40 விநாடி, 6 நிமிடம், 13 நிமிடம் 20 விநாடி, 3 நிமிடம் 50 விநாடி. மொத்தம் 27 நிமிடம் 50 விநாடி. இடைவெளிக்கு ஒன்றரை நிமிடம் வைத்தோம். நொக்டர்னுக்குப் பிந்தியதற்கு மட்டும் அதில் அரை நிமிடத்துக்கு மேல். அந்த மௌனத்தையும் கடிகாரம் வைத்துப் பழகினோம். பழகாவிட்டால் பதற்றத்தில் ஐந்து விநாடியில் கை கட்டைக்குப் போய்விடும்.

நொக்டர்னையும் டெபுஸியையும் மனப்பாடமாகவும், பாக்கையும் பீத்தோவனையும் புத்தகம் வைத்தும் வாசிப்பதென்று முடிவு. டெபுஸியில் பக்கம் புரட்டக் கை கிடைக்காது. வாரம் ஒரு முறை முழு வாசிப்பு, மற்ற நாட்களில் பகுதி பகுதியாக. அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, வழக்கமான உழைப்புதான்.

பரீட்சை நாள்

மண்டபம் கண்டியில். விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறி, றம்பொடை வளைவுகளில் இறங்கி, கம்பளை வழியாகப் போனோம். மாணவி கம்பளிக் கையுறையோடு சுடுநீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டே வந்தார். நல்ல மழை. கண்டியில் இறங்கியபோது பை ஓரத்தில் நனைந்திருந்தது. அதை அப்போது யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

நான் கதவுக்கு வெளியே இருந்தேன். பாக் நிதானமாகத் தொடங்கியது. நொக்டர்னின் இரட்டை வேகம் முதல் தடவையாக உண்மையிலேயே இரட்டை வேகமாக ஒலித்தது. கிராண்ட் பியானோவில் கட்டை முழுதாக எழும்பாமலே மறுபடி அடிக்கலாம், வீட்டு அப்ரைட்டில் அது முடியாது. பீத்தோவனின் இரண்டாம் பாகத்தில் இரண்டு பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டன. வலது கை ஒரு பார் முழுவதும் காணாமல் போனது, இடது கை நிற்கவில்லை. அடுத்த பாரில் சேர்ந்துவிட்டார். டெபுஸியைக் கேட்கையில்தான் எனக்கு மனம் உறுத்தியது. சுரங்கள் எல்லாம் சரி, ஆனால் மழை சேறாகக் கலங்கிக் கேட்டது. வீட்டில் ஈரம் ஊறிய பியானோவின் நாதம் சீக்கிரமே அடங்கும். அங்கே பழகிய பெடல் அளவை, நீளமாக அதிரும் கிராண்டில் அப்படியே போட்டுவிட்டார்.

விளைவு

நல்ல புள்ளிகளோடு தேறினார். பரீட்சகரின் குறிப்பு, நிகழ்ச்சி இருளிலிருந்து வெளிச்சத்துக்கு நகர்ந்த விதத்தைப் பாராட்டியது, நொக்டர்னின் நடுப் பகுதியைத் தனியாகக் குறிப்பிட்டது, டெபுஸியில் பெடல் அதிகம் என்றது. காணாமல் போன பாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பா குறிப்பை இரண்டு முறை வாசித்துவிட்டு, தன் தங்கைக்குத் தொலைபேசியில் அந்த முதல் வரியை மொழிபெயர்த்துச் சொன்னார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதல் மாதத்தை நான் வீணாக்கக் கூடாது. பட்டியல் எழுதப்பட்ட வாரமே, பார்த்து வாசிக்கும் தரத்திலாவது, முழுவதையும் ஒரே தடவையில் வாசிக்கவைத்துப் பதிவு செய்வேன். உடல் எங்கே இறுகுகிறது என்பது அந்த வாரமே தெரியும். டி மேஜரில் போன மூன்று வாரமும் அப்போது மிஞ்சியிருக்கும்.

வரிசையை நான்கு மாதம் இருக்கும்போது மாற்றியது தாமதம். குறைந்தது மூன்று வரிசைகளை ஆரம்பத்திலேயே வாசித்துப் பார்க்க வேண்டும். கேட்பவர்களில் பியானோ தெரியாத ஒருவராவது இருக்க வேண்டும். தம்பியும் அத்தையும் சொன்ன இரண்டு வசனங்களுக்கு ஈடாக அந்த ஒன்பது மாதத்தில் நான் எதையும் சொல்லவில்லை.

கிராண்டில் அவர் பரீட்சைக்கு முன் வாசித்தது ஒரே ஒரு முறை, அதுவும் நொக்டர்ன் மட்டும். மலையகத்தில் கிராண்ட் கிடைப்பது கடினம் என்பது உண்மை, ஆனாலும் ஒரு ஹோட்டலிலோ ஆலயத்திலோ கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் பெடல் உள்ள உருப்படியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். புத்தகத்தைப் பொலித்தீன் உறையில் கொண்டுபோவதும், முதல் நாளே பக்க ஓரங்களை மடித்துவைப்பதும் இப்போது என் மாணவர் எல்லோருக்கும் வழக்கம்.

முதல் பட்டியலில் இருந்த பதெதிக்கை மாணவி இப்போது பரீட்சை எதுவும் இல்லாமல் கற்கிறார். நடுப் பாகத்தில் தொடங்கியிருக்கிறார். ட்ரெமலோவை ஒரு நாளைக்கு எட்டு பார் மட்டும், மெதுவாக வாசிக்கிறார். ஒவ்வொரு முறையும் கையை மடியில் வைத்து, கட்டைவிரல் எப்படி இருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்கிறார்.